கோமதி கேட்ட ஒரு பகல்

காலை 7.10. திருநெல்வேலி சந்திப்புக்கு எதிரே, நாங்கள் தங்கியிருந்த விடுதி வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. பாபநாசம் போய்வர இரண்டாயிரத்து நானூறு ரூபாய். ஓட்டுநர் இசக்கிக்கு ஐம்பது வயதிருக்கும். “ஒன்றரை மணி நேரத்துல கொண்டு விட்டுருதேன் சார்” என்றார்.

என் மனைவி கோமதிக்குப் பிறந்த ஊர் பாளையங்கோட்டை. அவள் தங்கை மகளின் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தோம். கிளம்புமுன் அவள் மார்பிலிருந்த கட்டியில் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தோம். முடிவு இன்று மதியம் அவள் கைப்பேசிக்கு வரும் என்றாள். இப்படியொரு நாளில் ஆற்றுக்குப் போக வேண்டுமா என்று கேட்டேன். போயே தீர வேண்டும் என்றாள். கைப்பேசியை அணைத்து வைத்திருந்தாள், சார்ஜ் இல்லையாம். இரவு முழுக்க அது சார்ஜரில் கிடந்ததை நான் பார்த்திருந்தேன்.

8.00. சேரன்மகாதேவி. டீ பன்னிரண்டு ரூபாய். தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கோமதியும் இசக்கியும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தவர்கள், என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு கார் முப்பதைத் தாண்டவில்லை. கண்ணாடி வழியாக இசக்கி அவளை அடிக்கடி பார்த்தார். வீரவநல்லூரில் நேரே போகாமல் வலப்பக்கம் திருப்பினார்.

“இது அம்பாசமுத்திரம் ரோடு இல்லையே?”

“திருப்புடைமருதூர் சார். அங்கன கூட்டம் இருக்காது.”

“யார் கேட்டது?”

அவர் ஹாரனை அடித்தார். கிலோமீட்டரை ஏற்றி வாடகையைக் கூட்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்தேன். வண்டி எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.

9.15. கோயிலுக்குப் பின்னால் தாமிரபரணி. கரை மருதமரங்களில் ஏராளமான நாரைகள். கோமதி புடவையோடு இறங்கி மூழ்கி எழுந்தாள். நானும் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். ஆனால் கண் படித்துறையில் நாங்கள் வைத்திருந்த பையின் மீதும், அதற்கு இரண்டு படி மேலே உட்கார்ந்திருந்த இசக்கியின் மீதும்தான் இருந்தது.

“அந்த ஆள்கிட்ட என்ன பேசினே?”

“பைய போங்க அண்ணாச்சி, ஆளில்லாத துறையா பாத்து நிறுத்துங்கன்னேன். வேற ஒண்ணுமில்ல.”

“போனை ஏன் அணைச்சு வச்சிருக்கே?”

அவள் கூந்தலைப் பிழிந்தாள். “ரிப்போர்ட் நேத்து சாயங்காலமே வந்துட்டு. புத்துநோய்தான். ஆரம்பக் கட்டம்னு சொல்லுதாவ. அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்காவ.”

எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. “என்கிட்டயே மறைச்சியா?”

“நேத்தே சொல்லியிருந்தா ராத்திரியே ரயில் ஏத்தியிருப்பீங்க. வழி பூரா போன்ல டாக்டரைத் தேடிக்கிட்டு, என்னையும் தூங்க விட்டிருக்க மாட்டீங்க. எனக்கு ஒரு பகல் வேணும்னு இருந்துச்சு. ஆத்துல கிடக்கணும், அவ்வளவுதான்.” சற்று நின்று கேட்டாள்: “தண்ணி எப்படி இருக்கு, சொல்லுங்க?”

எனக்குத் தெரியவில்லை. அத்தனை நேரம் அதற்குள் நின்றும் தெரியவில்லை. மூச்சைப் பிடித்து மூழ்கினேன். மேலே வெதுவெதுப்பு, முழங்காலுக்குக் கீழே மலைக் குளிர். பாதத்தைச் சிறு மீன்கள் கொத்தின. எழுந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனை பற்றி அதன்பின் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது, மூச்சடக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

பகல் 12.30. பாபநாசம் போகாமலே திரும்பினோம். அடுத்த வாரம் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இப்போது மருந்து தொடர்கிறது. சென்னை வீட்டில் குழாயைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் ஒரே சூட்டில் வருகிறது. குளிக்கும்போது அடுத்த பரிசோதனையை நினைக்கிறேன்.

அன்று காலையிலிருந்து நான் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சந்தேகித்தேன். கோமதி என் ஒருவனைத்தான் சந்தேகித்தாள், சொன்னால் அந்தப் பகலைக் கெடுத்துவிடுவேன் என்று. அவள் சந்தேகம் தவறவில்லை.