பார்த்துக் குடுங்க

மாதக்கணக்கில் நான் கேமரா வாங்கிக்கொண்டே இருந்தேன். அதாவது, விலை பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் அகலப் பிலிம் போடுகிற மீடியம் ஃபார்மேட் கேமராக்கள், யாரோ வைத்திருந்து விற்பவை. ஜப்பானிலிருந்து வரவழைத்தால் இருபத்திரண்டாயிரம், கஸ்டம்ஸ் வரி தனி. சென்னைக்காரர் ஒருவர் பத்தொன்பது சொன்னார். லென்ஸில் பூஞ்சை உண்டா என்று கேட்டதும் ஆளைக் காணோம். மும்பையில் பதினாறுக்கு ஒன்று இருந்தது, லென்ஸ் மூடி இல்லாமல். விலை இறங்கினால் சந்தேகம் வரும், ஏறினால் கோபம் வரும். ஆக மொத்தம் எதையும் வாங்கவில்லை.

"பாத்துட்டே இருந்தா அது குட்டி போட்டுருமா?" என்றார் கணவர். வள்ளென்று விழுந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. விலை பார்க்கிற வேலைக்கு முகம் தேவையில்லை, அதனால்தான் அது எனக்குப் பிடித்திருந்தது.

எனக்கு முகவாதம் வந்து அரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு காலையில் பல் துலக்கிக் கொப்பளித்த தண்ணீர் வலப்பக்கம் தானாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. டாக்டர் முக்கால்வாசி சரியாகிவிட்டது, மீதியும் வந்துவிடும் என்றார். அந்த மீதிக்காக மாஸ்க்கைக் கழற்றாமல் இருந்தேன். ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்தேன், கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை, வெளியாள் முன்னால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

இரட்டை லென்ஸ் கேமராதான் வேண்டும் என்று அடம்பிடித்ததும் இதனால்தான். அதை வயிற்றுக்கு நேராகப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சதுரக் கண்ணாடியைக் குனிந்து பார்க்க வேண்டும். நான் எல்லோரையும் பார்க்கலாம், என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. எவ்வளவு சௌகரியம்!

கோபி டவுனுக்குப் பக்கத்தில் ஒருவர் விலையே போடாமல் அப்படியொரு கேமராவுக்கு விளம்பரம் கொடுத்திருந்தார். எரிச்சலோடு போன் செய்தேன்.

"நேர்ல வந்து பார்த்துக் குடுங்க அம்மணி."

"பார்த்தெல்லாம் குடுக்க முடியாதுங்க. ஒரு ரேட் சொல்லுங்க."

"பொருளப் பார்க்காம எப்படிங்க ரேட் பேசறது? வாங்க, ஊட்டுக்குத்தான வாரீங்க."

ஒரு சனிக்கிழமை மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு, சாப்பிடாமலே கோயமுத்தூரில் பஸ் ஏறினேன். கோபி பஸ் ஸ்டாண்டில் போண்டா பொரிகிற வாசனை இழுத்தது. அத்தனை பேர் நடுவில் எப்படித் தின்பது? தாண்டிப் போனேன்.

வாழைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. கணவன் மனைவி இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். மேசையில் கேமரா தயாராக இருந்தது. நான் கை நீட்டுவதற்குள் அந்த அம்மா காப்பியோடு வந்துவிட்டார்.

"மொதல்ல இதைக் குடிங்க. கேமரா ரெண்டு வெச்சிருக்காருங்க, ஒண்ணு போனாத்தான் எங்க பீரோ கதவு சாத்தும்."

"வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்."

"கோயமுத்தூர்ல குடிச்சது இங்க வரைக்கும் நிக்குமுங்களா?"

டம்ளரை நீட்டியபடியே நின்றார். எங்கள் பக்கத்தில் நீட்டிய காப்பியை மறுப்பது சண்டைக்குப் போவது மாதிரி. மாஸ்க்கை இறக்கினேன். பதற்றத்தில் முதல் வாயே ஒழுகித் துப்பட்டாவில் கொட்டியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

அந்த அம்மா ஒரு துண்டை என் மடியில் போட்டார். டம்ளரை எட்டிப் பார்த்தார். "பாதி கீழ போயிருச்சு. இருங்க கண்ணு, இன்னும் கொஞ்சம் ஊத்தறேன்" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை நிதானமாக, இடப்பக்கமாகச் சாய்த்துக் குடித்து முடித்தேன்.

பிறகு கேமராவை எடுத்தேன். செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்ததில் லென்ஸில் பூஞ்சை இல்லை. ஷட்டரை மட்டும் ஒரு விநாடி திறந்து மூடும்படி வைத்தால் மூட மனசில்லாமல் இழுத்தது. எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். மறுபடியும், "பார்த்துக் குடுங்க."

"பதினொண்ணு."

"பார்த்துக் குடுங்கன்னா இப்படியாங்க பார்க்கறது!"

பிடித்துக்கொண்டேன். மும்பை விலை, சென்னை விலை, கஸ்டம்ஸ், ஷட்டரைச் சரிசெய்யும் செலவு என்று சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன். அவரும் விடவில்லை. "குடுத்துப்போட்டு வேலையப் பாருங்க" என்று அந்த அம்மா என் கட்சிக்கு வந்தார். பாதிப் பேச்சில்தான் கவனித்தேன், மாஸ்க் ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்தது. கோணிய வாயோடு ஒரு அந்நியரிடம் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அவரும் என்னை நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயை அல்ல, அதிலிருந்து அடுத்து வரப்போகும் தொகையை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்காக விலையை ஏற்றவில்லை. பதிமூன்றுக்கு முடிந்தது, தோல் உறையோடு.

கொண்டுபோயிருந்த பிலிமைப் போட்டு, முதல் படம் அவர்கள் இருவரையும்தான் எடுத்தேன். குனிந்தபடி, கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னேன்.

"குனிஞ்சுட்டே சொன்னா கேக்கலீங்க அம்மணி. நிமிந்து சொல்லுங்க, எப்படி நிக்கோணும்?"

நிமிர்ந்து சொன்னேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கேமரா தோளில் தொங்க, நின்றபடியே போண்டா தின்றேன். வலது கடைவாயில் சட்னி ஒழுகியது. கடைக்காரர் பார்த்துவிட்டு ஒரு துண்டுப் பேப்பரை நீட்டினார். துடைத்துக்கொண்டு இன்னொரு போண்டா கேட்டேன்.