சொந்தக்காரர் இல்லாத தீவுக்கு ஏழு நாள்

சூரிச்சிலிருந்து ரோட்ஸ் தீவுக்கு விமானத்தில் மூன்று மணித்தியாலம். நாங்கள் இருக்கும் ஃப்ரிபூர்க்கிலிருந்து சுவிஸ் தலைநகர் பேர்ணுக்கு ரயிலில் இருபத்திரண்டு நிமிடம். இரண்டில் எது தூரம் என்று என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். கிரேக்கத் தீவைப் பற்றி வாசிக்க வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் பாதி பேர்ண் நகரத்தில்தான் நடந்தது.

1997 வைகாசி, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 8.04. நானும் என் மனைவி ஜசிந்தாவும் ரயிலில் எதிரெதிரே இருந்தோம். என் மடியில் நான்கு விரல் தடிப்பில் ஒரு கோப்பு. கடவுச்சீட்டுகள், ‘பி’ வதிவிட அனுமதி அட்டைகள், சம்பளத் துண்டுகள், வாடகை ஒப்பந்தம், கலியாணப் பதிவு, பல்லு வைத்தியரின் கடிதம். கிரேக்க விசாவுக்குப் பல்லு வைத்தியர் எதற்கு என்று கேட்காதீர்கள். எங்கள் ஆட்கள் ஒரு அலுவலகத்துக்குப் போகிறார்கள் என்றால் வீட்டில் இருக்கிற கடதாசி முழுவதும் கூடப் போகும். ஜசிந்தாவின் கைப்பையில் கட்டம் போட்ட கொப்பி ஒன்று மட்டும் இருந்தது.

அந்தக் கொப்பியின் கதையைச் சொல்ல வேண்டும். ஃப்ரிபூர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயண முகவர் அலுவலகம் இருக்கிறது. ஐந்து வருடமாக ஜசிந்தா அங்கே மாலை ஆறரைக்கு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, திறப்புப் போட்டு உள்ளே போய்த் துப்புரவாக்குகிறாள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒரு தக்கைப் பலகை. விடுமுறைக்குப் போன வாடிக்கையாளர்கள் போகுமிடமெல்லாம் இருந்து அனுப்பும் தபாலட்டைகளை அதில் குத்தி வைத்திருப்பார்கள். தூசி தட்டும்போது அவள் ஒவ்வொன்றாக வாசிப்பாள். போன மார்கழியில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: “எங்கடை கார்ட் ஒண்டும் அதிலை இருக்கோணும்.”

“கார்ட்தானே, இஞ்சை பக்கத்திலை லூசேர்னிலை இருந்து போட்டால் போச்சு” என்றேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பன்னிரண்டு வருட ஐரோப்பிய வாழ்க்கையில் நாங்கள் பயணம் போகாமல் இல்லை. ஆனால் எல்லாம் கலியாணவீடு, செத்தவீடு, சாமத்தியவீடு. விமான நிலையத்துக்குச் சொந்தக்காரர் வருவார், அவருடைய வீட்டு வரவேற்பறையில் பாய் விரிப்போம், சாப்பிடுவோம், திரும்புவோம். லண்டனுக்கு மூன்று தரம் போயிருக்கிறேன். அந்தப் பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தை இன்னும் கண்ணால் காணவில்லை. ஒரு ஊரைப் பார்ப்பதற்காகவே அந்த ஊருக்குப் போவது என்பது வெள்ளைக்காரரின் பழக்கம் என்று நானும் நினைத்திருந்தேன்.

அலுவலகத்தில் எறிந்த பழைய பயணப் புத்தகங்களை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மாதம் படித்தாள். ரோட்ஸைத் தெரிவு செய்தவள் அவள்தான். கல் மதிலுக்குள் அப்படியே இருக்கிற பழைய நகரம், சிலுவைப்போர் வீரர்கள் குடியிருந்த தெரு, பழைய சிலைகள் வைத்த நூதனசாலை, மலையுச்சியில் கோயில். எல்லாவற்றுக்கும் மேலாக, லிண்டோஸ் என்ற ஊரில் சின்னப்பர், அதாவது புனித பவுல், கரையிறங்கியதாகச் சொல்லும் ஒரு குடா. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர். சின்னப்பரின் பெயரைச் சொன்ன பிறகு நான் என்ன மறுப்பது? ஏழு நாளுக்கும் ஏழு பக்கம், எந்தப் பேருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் என்று எல்லாம் கொப்பியில் ஏறியது. நான் வேலை செய்யும் உணவகத்தில் ஆனி முதல் கிழமையை எனக்கு விடுமுறையாக எழுதித் தந்தார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது நவம்பர்தான். நவம்பரில் தீவில் பாதி பூட்டியிருக்கும்.

பேர்ணுக்குப் போவதற்கு நான்கு நாள் முன்னர், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, ஜசிந்தா அந்த அலுவலகத்துக்கு முதன்முறையாக முன்வாசலால் போனாள். கூட நானும் போனேன். ஞாயிறு பூசைக்குப் போடும் உடுப்பு. அங்கே இருந்த பெண் முகவர், ஜசிந்தா ‘மடம்’ என்று சொல்பவர், அவளை ஐந்து வருடமாகக் கடதாசித் துண்டுகளால் மட்டுமே அறிவார். ‘பூச்செடிக்குத் தண்ணீர் விடவும்’, ‘ஜன்னல் நன்றாக இருந்தது, நன்றி’ என்று எழுதி வைப்பார். இவள் பெயரைச் சொன்னதும் எழுந்து வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்தார். வாடிக்கையாளர் கதிரையில் இருக்கச் சொன்னார். ஜசிந்தா இருந்தாள். மேசையில் காய்ந்திருந்த ஒரு கோப்பி வட்டத்தை அவளுடைய கை தன்பாட்டில் துடைத்தது. நான் மேசைக்குக் கீழே அவளுடைய காலைத் தட்டினேன்.

ஒரு கிழமை, விமானம், மூன்று நட்சத்திர விடுதி, காலையும் இரவும் சாப்பாடு, ஆளுக்கு 1,190 பிராங். பழைய நகர மதிலிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. “இரண்டு இடந்தான் மிச்சம். வரும் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிவரை வைத்திருக்கிறேன்” என்றார் மடம். “அதற்குள் விசாவோடு வாருங்கள்.”

இனி என் கெட்டித்தனத்தைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் சூசை அண்ணை இருக்கிறார். ஊர்ப்பட்ட விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுத்த மனிதர். விசா விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

“அங்கை ஆர் இருக்கினம்?” என்று கேட்டார்.

“ஒருத்தருமில்லை அண்ணை. சும்மா பாக்கப் போறம்.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “சும்மா பாக்கவோ? தம்பி, தமிழன் சும்மா பாக்கப் போறான் எண்டால் ஆர் நம்புவினம்? திரும்பி வரமாட்டான் எண்டுதான் நினைப்பினம். ஒரு சொந்தக்காரன்ரை பேரைப் போடு.”

எனக்கு அது சரியாகவே பட்டது. லண்டனுக்கும் பாரிசுக்கும் சொந்தக்காரரின் கடிதத்தோடுதானே விசா எடுத்தோம். ஜசிந்தா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ‘யாரைச் சந்திக்கிறீர்கள்’ என்ற இடத்தில் ‘மச்சான், ரோட்ஸ் நகரம்’ என்று எழுதினேன். அழகான எழுத்தில் எழுதினேன். அந்தக் கடதாசிதான் செவ்வாய்க்கிழமை காலை என் மடியில் இருந்தது.

9.15, பேர்ண், கிரேக்கத் தூதரகம். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். 10.20க்கு எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நரைத்த முடியை உயர்த்திக் கட்டியிருந்தார். பிரெஞ்சில் கதைத்தார். விண்ணப்பத்தை மேலிருந்து கீழே வாசித்து, ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“உங்கள் மச்சானின் விலாசம்?”

நான் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தேன்.

“அவருடைய அழைப்புக் கடிதம்? வதிவிட அனுமதியின் பிரதி?”

நான்கு விரல் தடிப்புக் கோப்பைத் திறந்து மூடினேன். அதில் இல்லாத கடதாசி அது ஒன்றுதான். ஜசிந்தா என் பக்கம் திரும்பினாள்.

“ஆர் அந்த மச்சான்?”

“பிறகு சொல்லுறன்.”

“எனக்குத் தெரியாத மச்சான் ஆர் உங்களுக்கு, கிரீசிலை?”

“சூசை அண்ணைதான் போடச் சொன்னவர். ஆள் இல்லாட்டில் விசா தராயினமாம்.”

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை, இரண்டு இடம், தக்கைப் பலகை, எல்லாம் என் கையெழுத்தால் போகப் போகிறது என்று நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஜசிந்தா என்னை ஒரு கையால் விலக்கிவிட்டுக் கண்ணாடிக்குக் கிட்டப் போனாள். அவளுடைய பிரெஞ்சு துப்புரவு வேலையில் படித்த பிரெஞ்சு. சின்னச் சின்ன வசனம். ஆனால் தடுமாறவில்லை.

“மச்சான் இல்லை. என் கணவர் பயத்தில் எழுதிவிட்டார். எங்களுக்கு அங்கே ஒருவரும் இல்லை. நாங்கள் பார்க்கப் போகிறோம்.”

“என்ன பார்க்க?”

கொப்பியைத் திறந்து கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் தள்ளினாள். அந்தப் பெண் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாவது. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். மூன்றாவது, நான்காவது. இடப் பெயர்களைப் பிரெஞ்சிலும் மிச்சத்தைத் தமிழிலும் எழுதியிருந்தாள். பேருந்து நேரங்கள் சிவப்பு மையில். லிண்டோஸ் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை.

அவர் பேனாவை மறுபடி திறந்தார். கொப்பியில் எதையோ வெட்டினார்.

“திங்கட்கிழமை நூதனசாலை பூட்டு” என்றார். “அதைச் செவ்வாய்க்கு மாற்றுங்கள். திங்கட்கிழமை துறைமுகப் பக்கம் நடந்து பாருங்கள்.” ஒரு அம்புக்குறி போட்டுத் திருப்பித் தந்தார். கூடவே ஒரு புதிய விண்ணப்பம். “இதை உண்மையாக நிரப்புங்கள். முடிவெடுப்பது நான் இல்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள்.”

அங்கேயே ஒரு மூலையில் நின்று நிரப்பினோம். எழுதியவள் ஜசிந்தா. பேனாவை என்னிடம் தரவேயில்லை. திரும்பும் ரயிலில் இருபத்திரண்டு நிமிடமும் மச்சானை வைத்து என்னை வாட்டி எடுத்தாள். “உங்கடை மச்சானுக்கு என்ன கொண்டுபோறது? மாப்பணியாரம் சுடட்டோ?” என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை நான் வேலைக்கு அரைநாள் சொல்லிவிட்டுப் போனேன். 11.10க்கு அதே பெண் இரண்டு கடவுச்சீட்டையும் தள்ளினார். விரித்தேன். விசா இருந்தது. நான் வாய் திறக்க முன், “உங்கள் மனைவி இல்லாமல் எங்கும் போகாதீர்கள்” என்றார். தூதரக வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து ஜசிந்தாவுக்கு எடுத்தேன். “கிடைச்சிட்டுது” என்றேன். “வெள்ளி வரைக்கும் ஏன் நிக்கிறது, நான் இப்பவே போய்ச் சொல்லுறன்” என்று வைத்துவிட்டாள்.

ஆனி முதல் ஞாயிறு. காலை 6.30 ரயில், 8.40 சூரிச் விமான நிலையம், 11.05 விமானம். மூட்டையில் அரிசி இல்லை, கருவாடு இல்லை, யாருக்கும் கொடுக்க ஒரு பொதியும் இல்லை. என் கைகள் எதையோ மறந்ததுபோல் தவித்தன. ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூள் மட்டும் எடுத்திருந்தோம். பயணம் வேறு, நாக்கு வேறு.

ரோட்ஸ் நேரம் பிற்பகல் 3.20. வெளியே வந்ததும் என் கண் வழக்கம்போல் கூட்டத்தில் ஆளைத் தேடியது. பெயர்ப் பலகைகளோடு பலர் நின்றார்கள். ஒருவரும் எங்களைக் கட்டிப்பிடிக்கவில்லை. “என்ன பாக்கிறியள், மச்சான் வரேல்லையோ?” என்றாள் ஜசிந்தா.

விடுதி அறையில் தொலைபேசிப் புத்தகம் இருந்தது. எந்த நாட்டில் இறங்கினாலும் அதைப் புரட்டித் தமிழ்ப் பெயர் தேடுவது எங்கள் ஆட்களின் வியாதி. அவள் குளிக்கப் போனதும் நானும் எடுத்தேன். முழுவதும் கிரேக்க எழுத்து. ஒரு பெயரும் வாசிக்க முடியவில்லை. எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். மாலை நாங்கள் இருவரும் கையில் ஒன்றும் இல்லாமல் மதிலுக்குள் நடந்தோம். எந்த வீட்டிலும் தேத்தண்ணி குடிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை துறைமுகம். நூதனசாலை உண்மையாகவே பூட்டியிருந்தது. வாசலில் ஆறு ஜெர்மன்காரர் ஏமாந்து நின்றார்கள். ஜசிந்தா தன் கொப்பியைக் காட்டிச் செவ்வாய் வாருங்கள் என்று அவர்களுக்கு வழி சொன்னாள். ஐந்து வருடம் பயண முகவர் அலுவலகத்தில் வேலை செய்தவள் அல்லவா.

புதன்கிழமை காலை லிண்டோஸ் பேருந்து. ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், ஒன்றரை மணித்தியாலம், ஆளுக்கு ஆயிரம் டிராக்மா. சாரதி “இந்தியாவா?” என்றார். “ஃப்ரிபூர்க்” என்றாள் இவள். மலையடியில் கழுதைகள் நின்றன. எனக்கு ஆசைதான். “ஏறித்தான் பாக்கோணும்” என்று அவள் முன்னால் நடந்துவிட்டாள். நான் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். உச்சியில் பழைய தூண்கள். கீழே ஒரு பக்கம் வெள்ளை வீடுகள், மறுபக்கம் பாறைகள் வளைத்த குடா, அதன் ஓரத்தில் பொட்டாக ஒரு வெள்ளைச் சிற்றாலயம். ஜசிந்தா சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தில் ஒரு சரி போட்டாள். அவளுடைய முகத்தை அப்போது பார்த்தேன். கலியாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோசத்தை நான் காணவில்லை. அதை அவளிடம் சொன்னேன். “அண்டைக்கு மாப்பிள்ளையைப் பாத்தனான். இண்டைக்கு ஊரைப் பாக்கிறன்” என்றாள்.

கீழே இறங்கித்தான் தபாலட்டை வாங்கினோம். அதே குடா, அதே ஆலயம். அவள் எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் விடை மறைக்கும் பிள்ளை மாதிரி.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தோம். சூசை அண்ணை படியில் மறித்து, “அங்கை எங்கடை ஆக்கள் ஆரையும் கண்டனீங்களோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப ஏழு நாளும் என்ன செய்தனீங்கள்?” என்றார். கொப்பியை அவரிடம் கொடுத்தேன். இரண்டு கிழமையாகத் திருப்பித் தரவில்லை. பிறகுதான் தெரிந்தது, மனைவியோடு இருந்து பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்திருக்கிறார்.

தபாலட்டை எங்களை விட மெதுவாக வந்தது. ஜசிந்தா ஒவ்வொரு மாலையும் பலகையைத் துடைத்தாள், அட்டை இல்லை. எட்டாம் நாள் வேலை முடிந்து வந்தவள் கோட்டைக் கழற்றவில்லை.

“கார்ட் வந்திட்டுது. நடுவிலை குத்தியிருக்கினம்.”

“வாசிச்சனியோ?”

“நான் எழுதினதை நான் ஏன் வாசிக்கிறன்? மடம் பக்கத்திலை ஒரு துண்டு வைச்சிருக்கிறா. பிரெஞ்சு விளங்கினதாம், கடைசி வரி தமிழிலை இருக்காம், என்னெண்டு எழுதி வைக்கட்டாம்.”

“எழுதினியோ?”

“ஓம். பிரெஞ்சிலை எழுதி, கார்டுக்குக் கீழை குத்திப்போட்டு வந்திட்டன்.”

“என்ன எழுதினது?”

அவள் இப்போதுதான் கோட்டைக் கழற்றிக் கொளுவினாள்.

“இஞ்சை எங்களுக்கு ஒருத்தருமில்லை. பாக்க வந்தனாங்கள்.”