சேவல் கொடுத்த உத்தரவு

அக்கா மூங்கில் கூடையைத் தூக்கியபோது உள்ளே சேவல் கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. தலை நிற்காமல் ஆடியது. "இதுக்கும் வந்துட்டுது தம்பி" என்றாள். புத்தூருக்கு அருகே ஒரு கிராமத்தில், அவள் வீட்டுப் புழக்கடையில் மிஞ்சியிருந்த கடைசி உயிர் அது. நான் அப்போது சித்தூர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் புதிய குமாஸ்தா. விதிகளின்மேல் எனக்கு நம்பிக்கை இருந்த காலம்.

அந்தச் சேவல் ஊர் அம்மன் கங்கம்மாவுக்கு நேர்ந்துவிட்டது. ஊர் மதராசோடு சேரவேண்டும் என்று ஒரு கூட்டம், ஆந்திராவிலேயே இருக்கட்டும் என்று இன்னொரு கூட்டம். இரண்டும் மோதியதில் அக்கா புருஷனின் மண்டை பிளந்தது. ஒன்பது நாள் பேச்சில்லாமல் கிடந்தார். பிழைத்தால் சேவல் என்று அக்கா வேண்டிக்கொண்டாள். பிழைத்தார். முன்பெல்லாம் குடித்தால்தான் அவளை அடிப்பார். தலையில் தையல் போட்ட பிறகு அந்தச் சம்பிரதாயமும் தேவைப்படவில்லை. கூட வந்துவிடு என்று நான் அழைத்தபோதெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "நேர்த்தி முடியாம படி தாண்டி, அவுருக்கு எதனா ஆச்சுன்னா எம்மேலதான்டா பழி."

சேவலுக்கு முன் கோழிகளுக்கு நோய் வந்தது. பச்சையாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்துக் கோணிக்கொண்டன. நான் கால்நடை மருத்துவமனைக்குப் போய் முறைப்படி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் அதைப் படித்துவிட்டு, "உங்க ஊரு மதராசுக்கா ஆந்திராவுக்கான்னே இன்னும் தேலலேதய்யா, முடிவாகல. கோழிய எந்த ராஜ்யத்துல எழுதறது?" என்று கேட்டார். நான் திரும்பி வருவதற்குள் மாமா தன் வைத்தியத்தைத் தொடங்கியிருந்தார். ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்துத் தூக்கித் துவைக்கும் கல்லில் அடித்தார். நோய் கண்டது, காணாதது என்ற பாகுபாடு இல்லை. நாலாவது கோழியை அடித்தபோது வயிறு கிழிந்து, ஓடு கட்டாத முட்டையொன்று கல்லில் வழிந்தது. ஏழு கோழிகள். அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். சேவலை மட்டும் அவர் தொடவில்லை. தடியடிக்கு அஞ்சாத மனிதர் கங்கம்மாவுக்கு அஞ்சினார். சேவலுக்கும் நோய் கண்டதும், அது தானாகச் செத்தால் அடுத்தது தான்தான் என்று உறுதியாக நம்பினார். அதனால் மறுநாள் காலையிலேயே வெட்டிவிட வேண்டும் என்றார்.

கோயிலில் விதிகள் இரண்டு. நோயுள்ள உயிரைக் கொடுக்கக் கூடாது. தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது தலையை உதறினால்தான் அம்மன் உத்தரவு தந்ததாகக் கொள்ள வேண்டும். வெட்டப்படுகிறவரிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெறும் வேறு எந்த இலாகாவையும் நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

மறுநாள் கோயிலில், தண்ணீர் தெளிக்கும் முன்பே சேவல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்களுக்குச் சந்தோஷம். "அம்மாவுக்கு இன்னைக்கு அவசரம்டா" என்றான் ஒருவன். பூசாரி கத்தியை எடுத்தார். ஒரு நிமிடம் பேசாமல் நின்றிருந்தால் நேர்த்தி முடிந்து அக்காவின் கட்டு அப்போதே அவிழ்ந்திருக்கும். அது அவளுக்கும் தெரியும்.

"இது உத்தரவு இல்ல சாமி, நோவு" என்றாள். "வேற குஞ்சு வளத்து அடுத்த வருசம் குடுக்கறேன்."

மாமா புறங்கையால் அடித்தார். மூக்கிலிருந்து இரத்தம் வாய்க்குள் இறங்கியது. பூசாரி தயங்கி, நேர்ந்தவள் சம்மதித்தால்தான் கத்தி வைப்பேன் என்றார். மாமா அக்காவின் கொண்டையைப் பிடித்துப் பலிக்கல்லின் முன் மண்டியிடவைத்து, அவள் தலையை முன்னும் பின்னுமாக மூன்று முறை ஆட்டினார். மூன்றாம் முறை நெற்றி பலிக்கல்லில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது. "சம்மதிச்சிட்டா. வெட்டு" என்றார். யாரோ சிரித்தார்கள். பிற்காலத்தில் பதிவாளராக உட்கார்ந்து, கையெழுத்துப் போட வந்த எத்தனையோ பெண்களிடம் "தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்து சொல்லும்மா" என்று கண்டிப்பாகக் கேட்டிருக்கிறேன். அன்று நான் எதுவும் கேட்கவில்லை. மூன்றடி தள்ளி, தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கத்தி விழுந்தது. தலை தனியாகக் கிடந்தும் சற்று நேரம் ஆடியது. உடல் மாமாவின் கையில் சிறகடித்து, அவர் வேட்டியெல்லாம் இரத்தம் தெளித்தது.

அக்கா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நேர்த்தி முடிஞ்சிதா சாமி?"

பூசாரி கத்தியைத் துடைத்தபடி, முடிந்தது என்றார்.

"நல்லா கேட்டுக்கினியா?" என்று மாமாவைப் பார்த்தாள். கல்யாணமாகி அதுவரை அவரை அவள் ஒருமையில் அழைத்ததில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, சித்தூர் பஸ்ஸு எத்தினி மணிக்கு?"