நான் கழற்றிய கண்ணாடி

அந்தக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றியவன் நான். யாரையும் ஏவவில்லை, என் கையாலேயே ஆணியிலிருந்து எடுத்தேன். தகர விளிம்பு போட்ட சின்ன வட்டக் கண்ணாடி. அடியில் ஓரிடத்தில் ரசம் போய்க் கறுத்திருக்கும். போடிமெட்டைத் தாண்டி இருந்த ஓர் ஏல எஸ்டேட்டில், காய் உலர்த்தும் கட்டடத்தை ஒட்டிய சிறிய அறையில் அது தொங்கியது. காய் உலர்த்தும் கட்டடத்தை மலையில் ஸ்டோர் என்பார்கள். கண்ணாடிக்குக் கீழே ஒரு பலகை. பலகையில் தேங்காயெண்ணெய், சோப்பு, பவுடர் டப்பா, பல் உடைந்த இரண்டு சீப்புகள். எஸ்டேட்டின் கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பில் இருந்த காலத்தில், செலவைக் குறைக்கிறேன் என்று அந்த அறையையும் அதிலிருந்த எல்லாவற்றையும் வேலைக்கு வந்த பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். திருடவில்லை. முதலாளி தோளில் தட்டிக்கொடுத்தார். ஆனால் நான் செய்தது தவறு. எழுபதைத் தாண்டிய இந்த வயதில் அதை மழுப்பாமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

போடியிலிருந்து விடியும் நேரத்தில் ஜீப்புகள் மலையேறும். ஒரு ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம் என்பதற்கு அந்த ஊரில் கணக்கே கிடையாது. எங்கள் எஸ்டேட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் நல்ல புடவை கட்டி, தலை வாரி, பொட்டு வைத்துத்தான் ஜீப்பில் ஏறுவார்கள். மேலே வந்ததும் அந்த அறைக்குள் போய் வேலைத்துணிக்கு மாறுவார்கள். பழைய புடவை, அதற்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். ஈரத்தில் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும். காயின் சாறும் மண்ணும் சேர்ந்து விரலிடுக்குகளில் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீருக்குப் போகாது. எண்ணெய் தேய்த்து ஊறவைத்து, பிறகு சோப்புப் போட வேண்டும். சாயங்காலம் அந்த அறையில் இந்த வேலை நடக்கும். கால்மணி நேரத்துக்குச் சிரிப்பும் தண்ணீர்ச் சத்தமுமாக இருக்கும். பிறகு ஒவ்வொருவராகக் காலையில் கட்டிவந்த புடவையில் வெளியே வருவார்கள். ஜீப் ஓட்டுநர் ஆரனை அடித்து, "கல்யாண லோடு எறங்குதுடோய், வழி விடுங்கப்பா" என்று கத்துவார். போடி கடைவீதியில் அவர்கள் இறங்கி நடக்கும்போது, பகல் முழுவதும் சேற்றில் குந்தியிருந்தவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அத்தனையும்.

இந்த ஏற்பாட்டைப் பெரிய முதலாளி எப்போதோ தொடங்கி வைத்திருந்தார். மாதம் ஆளுக்கொரு பாட்டில் எண்ணெய், குளிக்கிற சோப்பு, ஒரு பவுடர் டப்பா. பொங்கலுக்கு ஒரு புடவை. ஆண்டுக்கான செலவுத் திட்டத்தில் உரம், டீசல், விறகு, கூலி எல்லாவற்றுக்கும் கீழே 'பெண்கள் துணி, எண்ணெய், சோப்பு' என்று ஒரு வரி. அந்த வரியைக் காத்து நின்றவர் ஒரு பெண். ஜீப்புக்கு ஆள் சேர்த்து வேலையை மேற்பார்க்கும் அவரைக் கங்காணி அக்கா என்றே எல்லோரும் கூப்பிட்டோம். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எனக்கும் அக்காதான். பொங்கல் புடவைக்கு நிறம் தேர்ந்தெடுக்க என்னோடு ஜவுளிக்கடைக்கு வருவார். ஒருமுறை கடைக்காரர் அழுக்குத் தெரியாத நிறம் என்று ஒரு பழுப்புப் புடவையை விரித்துப் போட்டார். அக்கா அதைத் தொடக்கூட இல்லை. "அழுக்குத் தெரியாத கலருலதான் வருசம் பூராவும் கெடக்கோம். பொங்கலன்னிக்காவது அழுக்குப் பட்டாத் தெரியிற கலரு குடுங்கண்ணே" என்றார். அந்த வருடம் எலுமிச்சை மஞ்சள் எடுத்தோம்.

ஏலக்காய் விலை அடியோடு விழுந்த ஒரு வருடம் வந்தது. செலவுத் திட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு எங்கே வெட்டலாம் என்று பார்த்தேன். உரத்தை வெட்டினால் செடி போகும். விறகை வெட்டினால் காய் கெடும். கடைசி வரியில் பேனா நின்றது. நான் கல்லூரியில் வணிகவியல் படித்தவன். ஒரேயடியாக நிறுத்தினால் முணுமுணுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே பொருளாகக் கொடுப்பதை நிறுத்தி, அதன் மதிப்பைக் கூலியோடு காசாகச் சேர்த்தேன். இதைவிட நியாயம் என்ன இருக்கிறது என்று எனக்கே பெருமை. அக்கா மட்டும் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"கையில குடுத்தா அது வீட்டுக் காசாயிரும் சார். அரிசிக்குப் போகும், இல்லாட்டி அவரு பாக்கெட்டுக்குப் போகும். சோப்பாக் குடுத்தாத்தான் எங்க ஒடம்புக்கு வரும்."

உங்கள் காசை நீங்கள்தான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார். "காசு பத்திரமா இருக்குற வீட்டுல இருக்கீங்க. சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே நடந்தது. சில மாதங்களில் பலகையில் பாட்டில்கள் காலியாயின. ஒரு சோப்பை நான்கு துண்டாக நறுக்கிப் பயன்படுத்தினார்கள். அடுத்த வருடம் கூலியை உயர்த்த வேண்டி வந்தபோது, ஏற்கெனவே கூடுதலாகத்தான் கொடுக்கிறோமே என்று அந்தக் காசையே உயர்வாகக் காட்டினேன். எண்ணெயும் சோப்பும் புடவையும் அத்தோடு எங்கே போயின என்று யாரும் கேட்க முடியாதபடி கரைந்துபோயின. சோப்பே இல்லாத அறை எதற்கு என்று பூச்சிமருந்து டின்களை அங்கே அடுக்கிப் பூட்டுப் போட்டேன். அன்றைக்குத்தான் கண்ணாடியைக் கழற்றினேன். குப்பையில் போட மனம் வராமல் என் குடியிருப்புக்கு எடுத்துச் சென்று, சவரம் செய்யும் இடத்தில் மாட்டினேன். எங்கிருந்து வந்தது என்று மனைவி கேட்டாள், சொன்னேன். அவள் உயிரோடு இருந்தவரை அந்தக் கண்ணாடியில் ஒருநாள்கூட முகம் பார்த்ததில்லை.

பெண்கள் வேலைத்துணியோடே மலையிறங்கத் தொடங்கினார்கள். கடைவீதியில் இறங்காமல், இருட்டாக இருக்கும் சந்து முனையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார்கள். ஓட்டுநர் கேலி செய்வதை விட்டுவிட்டார்.

கங்காணி அக்காவுக்கு ஒரே மகள். போடியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் படிப்பு அவள் ஆசை. அதற்கு உதவி செய்ய யாரோ முன்வந்திருந்தார்கள்; தாயார் பள்ளிக்கு வந்து தலைமையாசிரியை முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அன்று சாயங்காலம்தான் கடைசி. காலையிலேயே அக்கா என்னிடம் விஷயத்தைச் சொல்லி, வீட்டுக்குப் போய் மாற்றிவர நேரம் இருக்காது என்று, சாயங்காலம் அந்த அறைச் சாவியைக் கொஞ்ச நேரம் தரச் சொன்னார். கையில் ஒரு பையில் மஞ்சள் புடவை இருந்தது. எங்கிருந்தோ ஒரு சோப்புத் துண்டும் கொண்டுவந்திருந்தார். மருந்து இருக்கும் அறை, திறக்கக் கூடாது, இன்றைக்கு ஒருநாள் அப்படியே போய்விட்டு வாருங்கள் என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. புடவை மாற்ற நான்கு சுவர் வேண்டும் என்பது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

அன்று எனக்கும் போடியில் ஒரு சின்ன வேலை இருந்தது. அதே ஜீப்பில் முன்னிருக்கையில் உட்கார்ந்து இறங்கினேன். வேலை முடிந்து பள்ளிக்கூடத் தெரு வழியாக நடந்து வந்தபோது, வாசலுக்கு எதிரே நின்ற கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் அக்காவைப் பார்த்தேன். ஆண் சட்டை, சேறு காய்ந்த புடவை, முந்தானைக்குள் சுருட்டி வைத்த கைகள். வாசலில் மற்ற தாய்மார்கள் பூவும் பொட்டுமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் வெளியே வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். 'அந்தச் சட்டையோட வந்துராத ஆத்தா' என்று முதல்நாள் அவள் சொல்லியிருந்தாளாம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா வண்டிக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினார். பிறகு திரும்பி, ஊரின் மறுகோடியில் இருந்த தன் வீட்டை நோக்கி ஏறக்குறைய ஓடினார். நான் பார்க்காதவன் போல நடந்து போய்விட்டேன். அவர் கழுவி, உடுத்தி, திரும்பி வருவதற்குள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் கேட்டதற்குப் பெயர்களை எல்லாம் அனுப்பியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

தேர்வு முடிந்து பள்ளிக்கூடங்கள் மறுபடி திறந்த வேளையில், ஒரு காலை ஜீப்பிலிருந்து கங்காணி அக்கா இறங்கினார். அவருக்குப் பின்னால் மகளும் இறங்கினாள், அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு. அந்த ஒரு சாயங்காலத்தால்தான் அவள் படிப்பு நின்றது என்று அறுதியாகச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் கிடைக்காமல் போயிருக்கலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே பல வருடங்கள் சொல்லிப் பார்த்தேன். காலையில் சவரம் செய்யும்போது, கண்ணாடியில் ரசம் போன இடத்தில் என் தாடை சரியாகத் தெரியாது. அதைத் தடவிப் பார்த்தே மழிப்பேன். அப்போதெல்லாம் அந்தச் சாவி ஞாபகம் வரும்.

ஓய்வு பெற்றுப் போடியில் குடியேறி, மனைவியும் போன பிறகு, சின்ன முதலாளியிடம் போனேன். ஸ்டோரை ஒட்டி மறுபடி ஓர் அறை கட்டித் தரச் சொன்னேன். காய் உலர்த்தும் அடுப்பின் சுவரை ஒட்டினாற்போல் கட்டினால் வெந்நீருக்குத் தனி விறகு வேண்டாம் என்றும், செலவில் பாதியை நான் தருகிறேன் என்றும் சொன்னேன். "இத்தனை வருசங்கழிச்சு என்னா சார் திடீர்னு?" என்று கேட்டார். சொன்னேன். அறைக்குச் சம்மதித்தார். எண்ணெய் சோப்புக்குச் சம்மதிக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் வங்கியில் போட்டுவிடுகிறோம், அதுதான் ஒழுங்கு என்றார். அது என் வாயிலிருந்து போன வார்த்தை. மாதம் ஒருமுறை நானே ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறுகிறேன். பெண்கள் எனக்குச் சோப்புத் தாத்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருத்தி பெட்டியைக் கிளறிவிட்டு, "தாத்தா, அடுத்த தடவ சாம்பு பாக்கெட்டுங் கொண்டாங்க. ஒங்க தலையப் பாத்து வாங்காதீங்க, எங்க தலையப் பாத்து வாங்குங்க" என்றாள். என் வழுக்கையைத் தடவிக்கொண்டு நானும் சிரித்தேன்.

அறை கட்டி முடிந்ததும் கண்ணாடியை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு கங்காணி அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, பவுடர் போட்டு, பொட்டு வைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியைச் சொன்னேன், கரும்புச்சாறு வண்டியைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க போனத நானும் பாத்தேன் சார். பாக்காத மாதிரி போனீங்க. அன்னிக்கு நீங்க செஞ்சதுல அது ஒண்ணுதான் நல்லது. சாவியக் குடுத்திருக்கலாம்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. துணியைப் பிரித்துக் கண்ணாடியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். "கெழவி மூஞ்சியப் பாக்கவா இம்புட்டு வருசம் பத்திரமா வச்சிருந்து கொண்டாந்தீங்க?" என்று திருப்பிக் கொடுத்தார். "எம்மகதான் இப்ப கங்காணி. மேல கொண்டுபோயி மாட்டுங்க."

மறுநாளே கொண்டுபோய், புதிய அறையில் நானே ஆணியடித்து மாட்டினேன். மகள் வாசலில் நின்று பார்த்தாள். தலைமுடி நரைக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்த மாதம் பெட்டியோடு போனபோது அறை ஈரமாக இருந்தது. எண்ணெயும் வெந்நீரும் மணந்தன. கொடியில் வேலைச் சட்டைகள் தொங்கின. வெளியே ஜீப் ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி நான் மாட்டிய இடத்தில் இல்லை. என் உயரத்துக்கு நான் அடித்த ஆணியை யாரோ பிடுங்கி, ஒரு முழம் கீழே அடித்திருந்தார்கள். நேராக நின்று பார்த்தால் என் சட்டைப் பொத்தான்தான் தெரிந்தது.

"எங்களுக்கு எட்டல சார்" என்றாள் மகள் பின்னாலிருந்து. அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது.

குனிந்து பார்த்தேன். ரசம் போன அந்த இடம் மட்டும் இருட்டாக இருந்தது. மீதியில் என் முகம் தெரிந்தது. அவள் சீப்போடு காத்திருப்பது தெரிந்து நகர்ந்துகொண்டேன்.