கரி முளைக்குமா?

எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மரங்களுக்கு வரும் பூஞ்சை நோய்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அதாவது, யாரோ எப்போதோ பதப்படுத்தி வைத்த பட்டைத் துண்டுகளைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே, தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், பாலவாக்கத்தில் தன் சவுக்குத் தோப்பு பட்டுப்போகிறது என்று வந்து நின்றதும், யாரும் கேட்பதற்கு முன்பே நான் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அவர் நோயைத் தேடி வரவில்லை. "காவக்காரன் செய்த வேலைம்மா. மரத்தடியில நெருப்பு மூட்டிக் கருக்குதான். போன வருசம் அவன் குடிசைப் பக்கம் ஒரு மரம் போச்சு, அப்பவே ஏசினேன். இப்ப அங்கேருந்து வரிசையா சாவுது. பட்டையை உரிச்சா பூரா கரி. கரிதான்னு நீங்க எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமை அவனை அனுப்பிருதேன்."

திங்கட்கிழமையே தோப்புக்குப் போனேன். காவலருக்கு ஐம்பது வயதிருக்கும். மனைவியோடு தோப்புக் குடிசையிலேயே இருந்தார். "நான் இன்னாத்துக்கும்மா கொளுத்தறேன்? குடிசையில அடுப்பு கீது. இந்த வேல போனா குடிசையும் பூடும். எங்க போய் நிப்பேன்?"

மரத்தின் பட்டை அப்பளம் போல உப்பியிருந்தது. விரலை வைத்ததும் வெடித்து, உள்ளிருந்து கறுப்புப் பொடி கொட்டியது. முந்தானையெல்லாம் மை. ஆனால் வெளிப்பட்டையில் கருகின அடையாளமே இல்லை. வெளியே வேகாத மரம் உள்ளே எப்படிக் கரியாகும்? ஒரு மனிதருக்கு வீடே போகப்போகிறது, நானோ குதிக்காத குறை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அந்தப் பொடியை எடுத்து வந்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் எல்லாம் ஒரே அளவு உருண்டைகள். பூஞ்சை வித்துகள்தான், சத்தியம் செய்வேன். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, "உனக்கு வித்து. கடைக்காரர் கண்ணுக்கு இதுவும் கரிதான். என்ன செய்யப்போறே?" என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் யோசனையும் வந்தது. கரி முளைக்காது. வித்து முளைக்கும்.

ஒரு கண்ணாடித் தகட்டில் சர்க்கரைத் தண்ணீர்ச் சொட்டு விட்டு மரத்துப் பொடியைத் தூவினேன். இன்னொன்றில் கேன்டீன் அடுப்பிலிருந்து சுரண்டிய கரி. இதுதான் மரத்தைக் கொல்கிறதா என்பதைப் பிறகு சவுக்கு நாற்றில் இந்தப் பொடியை ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு இது கரி இல்லை என்று தெரிந்தால் போதும். செவ்வாய், ஒன்றுமில்லை. புதன், ஒன்றுமில்லை. பழைய சொட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். வியாழனும் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்கி ஓடியதில் செருப்பு அறுந்தது. அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போய் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒவ்வோர் உருண்டையிலிருந்தும் மெல்லிய வெள்ளை இழை நீண்டிருந்தது. கத்தினேன். பக்கத்து அறையிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

என் வாயால் கேட்கட்டும் என்று கடைக்காரர் காவலரையும் காரில் கூட்டி வந்திருந்தார். முதலில் அடுப்புக் கரியைக் காட்டினேன். பிறகு மற்றதை.

"முளைச்சிருக்கே," என்றார் கடைக்காரர்.

"கரி முளைக்குமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு காவலரிடம், "சரில, நீ இருந்துக்கோ," என்றார். காவலர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கேட்காமலே பிரசங்கத்தை ஆரம்பித்துவிட்டேன். காற்றில் பறக்கும், மழையில் வழியும், பட்டையில் சின்னக் காயம் இருந்தால் போதும், நுழைந்துவிடும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கடைக்காரர் தலையாட்டிவிட்டுக் காருக்குப் போனார். காவலர் மட்டும் நகரவில்லை.

"காயம்னா, கத்தி பட்டாலுமா?"

"கத்தியாலும் வரும். ஏன்?"

"மொதல் மரத்துக்கே மொதலாளி திட்னாரா, பயந்துட்டேன். எதுல கரி கீதுன்னு ஒண்ணொண்ணா பட்டையைக் கீறிப் பாத்துக்கினு போனேன். இருந்தா சீவி எடுத்துட்டு, அதே கத்தியால அடுத்தது. அப்ப மொதலாளி சொன்னது நெசந்தானாம்மா? நான்தானா?"

காரில் ஹாரன் அடித்தார்கள்.

"நீங்க நெருப்பு வைக்கலை," என்றேன். "இனிமே மரத்துல கத்தி வைக்காதீங்க. இதை யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம்."

அவர் போனபின் கடைக்காரருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நோய் பரவும் வழி என்ற இடத்தில் காற்று, மழை என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.