பண்டிகை இல்லாத வீட்டுக்கு ஒரு சோடா ரொட்டி

கலைச்செல்வி அக்கா போய்விட்ட செய்தி அவருடைய யூடியூப் சேனலிலிருந்துதான் எனக்கு வந்தது. பிப்ரவரியில் ஒரு காலை, லால்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஃபோனைத் திறந்தேன். மாலை போட்ட படம், கீழே அவர் கணவர் எழுதிய இரண்டு வரி. அதைப் படிக்காமலேயே ஒருவர் "சூப்பர் அக்கா" என்று போட்டிருந்தார். அழுவதற்கு முன்னால் அந்த ஆளோடு சண்டை போட்டேன்.

சேனலைப் பார்த்த உங்களுக்கு அவரைத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதினோரு வருடம் அயர்லாந்தில் நர்ஸாக இருந்துவிட்டுத் திருவானைக்காவலுக்குத் திரும்பியவர். அந்த நாட்டுக்காரர்கள் புனித பேட்ரிக் திருநாள் கொண்டாடும் மார்ச் பதினேழில், வருடந்தோறும் தன் வீட்டில் சமைத்து நேரலையில் காட்டுவார். போன புதிதில் தனியாக அழுதுகொண்டிருந்தவரை, குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மா கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்ட நாளாம் அது. முட்டைக்கோஸும் வெங்காயத்தாளும் சேர்த்து வெண்ணெயோடு மசித்த உருளைக்கிழங்கு, மோரும் ஆப்பசோடாவும் சேர்த்துப் பிசைந்து சுட்ட ரொட்டி. அவ்வளவுதான் விருந்து.

அதற்கு அவர் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாஸ்போர்ட்கூட இல்லாத நான், அயர்லாந்தைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். "தப்பு அக்கா!!!" என்று நேரலையின் கீழே எழுதுவேன். "லால்குடி இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க" என்பார்.

முதன்முறை அவர் வீட்டுக்குப் போனபோது, அந்தத் திருநாளுக்கு எல்லாமே பச்சை நிறம் என்று படித்திருந்ததால், பச்சைச் சாயம் ஒரு பாட்டில் வாங்கிப் போனேன். "ஏம்மா, அங்க வீட்டுல யாரும் சோத்துல சாயம் ஊத்தறதில்ல. பச்சையா வேணும்னா கோஸைத் தின்னு."

ஒரு வருடம் பதினேழாம் தேதி அமாவாசை. அவர் கணவர் அன்று வெங்காயம் தொடமாட்டார் என்பதற்காகத் திருநாளையே மறுநாளுக்குத் தள்ளிவிட்டார். "அக்கா, உலகமே இன்னைக்குத்தான் கொண்டாடுது" என்று ஃபோனில் கத்தினேன். "அந்த உலகத்துல எங்க வீட்டுக்காரர் இல்லையேம்மா. பேட்ரிக்கும் சாமிதானே, ஒரு நாள் பொறுத்துப்பாரு" என்று வைத்துவிட்டார்.

இந்த மார்ச்சில் அவர் மகள் நிலா என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அம்மா செய்ற மாதிரியே செய்யணும்னு இருக்கு. அப்பா கூடாதுங்கறாரு. நீங்க வந்து பேசுங்க."

போனேன். வருடம் திரும்பும்வரை வீட்டில் பண்டிகை கிடையாது என்றார் அக்காவின் கணவர். "மாமா, தீபாவளி, பொங்கல்னா சரி. இது நம்ம பண்டிகையே இல்லையே!" என்றேன்.

"வருஷா வருஷம் அவ செஞ்சா, நாங்க உக்காந்து சாப்பிட்டோம். பின்ன இது யாரு வீட்டுப் பண்டிகைம்மா?"

நிலா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பொருமினேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவேயில்லை. "துக்க வீட்டுல அவங்கதான் செய்யக் கூடாது. மத்தவங்க பலகாரம் கொண்டுபோய்க் குடுக்கறதுதானே வழக்கம்? நீ செஞ்சு எடுத்துட்டுப் போ."

செய்வதற்கு அக்காவின் பழைய வீடியோவைப் போட்டேன். மாவு பிசையும் முக்கியமான நேரத்தில் ஃபோன் சாய்ந்து, ஐந்து நிமிடம் மின்விசிறிதான் சுற்றுகிறது. குரல் மட்டும் கேட்கிறது: "இந்தப் பதம்தான், நல்லாப் பாத்துக்கங்க." எதைப் பார்ப்பது அக்கா? அந்த ஐந்து நிமிடத்தை எத்தனை முறை ஓடவிட்டேன் என்று தெரியவில்லை. குக்கரில் உப்பைப் பரப்பிச் சுட்ட முதல் ரொட்டி கரி. இரண்டாவது சுமார்.

பதினேழாம் தேதி அதைத் தூக்குவாளியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன். மாமா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரு துண்டை அக்கா படத்தின் முன் வைத்துவிட்டு, நிலாவிடம் ஒன்று கொடுத்து, தானும் ஒன்று வாயில் போட்டார்.

"அடி கருகிருச்சும்மா" என்றார். இன்னொரு துண்டு எடுத்தார். நிலா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் அவள் தன் வீட்டிலேயே செய்துகொள்வாள். செய்யட்டும். அதற்காக நான் நிறுத்தப்போவதில்லை. அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரு பண்டிகை. இனி அது லால்குடியில் எங்கள் வீட்டிலும் உண்டு.