டொக்டருக்குச் சிவப்பு, எஞ்சினியருக்கு நீலம்

ஒவ்வொரு தொழிலுக்கும் தனியாக ஒரு கட்டத்துணி வேண்டும் என்ற பேச்சை நான் முதன்முதலில் கேட்டது மொன்றியலின் செயின்ட்-மிஷேலில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கீழ்த்தளத்தில். தமிழ்ப் பூசை முடிந்து, கையில் ஒரு பற்றிஸும் வாயில் ஒரு பற்றிஸுமாக நின்றிருந்தேன். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். அங்கே இலங்கையில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் இங்கே எல்லோருக்கும் விழா எடுக்கிற உற்சாகம் பிறந்திருந்தது.

பேசியவர் எங்கள் சங்கத்தின் தலைவர். ஓய்வு பெற்ற கணக்காளர், புரோசார்ட் புறநகரில் பெரிய வீடு. அவருடைய பல் டொக்டர் ஒரு கழுத்துப்பட்டி கட்டியிருந்தாராம். ஸ்கொட்லாந்துக்காரர் தங்கள் குலத்துக்கென்று வைத்திருக்கிற டார்டன் கட்டம் போல, பல் டொக்டர்மாருக்கென்றே ஒரு கட்டம் நெய்து பதிந்திருக்கிறார்களாம். அதைப் பார்த்த நாளிலிருந்து இவருக்கு நித்திரை இல்லை. சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒவ்வொரு தொழில்காரரும் தங்கள் தொழிலுக்குரிய கட்டத்தில் சால்வை போட்டு மேடையேற வேண்டும் என்றார்.

"பாத்தவுடனை ஆள் ஆரெண்டு தெரியவேணும். அதுதான் கௌரவம்," என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காரணம் உண்டு. நகரின் வடக்கே ஒரு தையல் தொழிற்சாலையில் நான் மடிப்புப் பிடிக்கிற வேலை செய்தேன். தனியார் பாடசாலைப் பெண் பிள்ளைகள் போடுகிற கட்டம் போட்ட பாவாடைகள்தான் எங்கள் முக்கிய வியாபாரம். மடிப்பை மடித்த பிறகும் கட்டம் உடையாமல், ஒரு கோடு அடுத்த கோட்டில் போய்ச் சேர வேண்டும். அரை விரல் பிசகினால் முழுப் பாவாடையும் கோணல். எட்டு வருடமாக நான் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, நீங்கள்தானே உந்தத் துணியோடை புழங்கிறியள். உங்களை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்றார் தலைவர்.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தார். டொக்டருக்குச் சிவப்பு. எஞ்சினியருக்கு நீலம். கணக்காளருக்குப் பச்சை. ஆசிரியருக்கு மஞ்சளும் கறுப்பும். வீடு விற்பவர்களுக்குக்கூட ஒன்று இருந்தது. தாள் முடிந்துவிட்டது. அந்தக் கீழ்த்தளத்தில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் உணவகங்களில் கோப்பை கழுவுபவர்கள், அலுவலகம் துடைப்பவர்கள், தெப்பனர் என்கிற மூலைக் கடைகளில் பால் பெட்டி அடுக்குபவர்கள்.

"கோப்பை கழுவிறவைக்கு என்ன நிறம், அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"அவைக்கெல்லாம் பொதுவா ஒரு சாம்பல் போடுவம்," என்றார். சிலர் சிரித்தார்கள். கோப்பை கழுவுபவர்களே சிரித்தார்கள்.

அன்றே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், மாதாவின் போர்வை.

எங்கள் கோயில் மாதாவுக்கு ஆகஸ்ட் மாதத் திருநாளன்று புதுப் போர்வை போர்த்துவது வழக்கம். ஆறு வருடமாக அதைத் தைத்தது நான். யார் தைப்பது என்று தீர்மானிப்பது தலைவரின் மனைவி. இந்த நகரில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான். மற்ற நாட்களில் நான் மெத்ரோவில் நின்றுகொண்டே தூங்கிப் போகிற ஒருத்தி. திருநாளன்று மட்டும், சுரூபத்தைத் தூக்கி வரும்போது, அந்தத் தோளில் என் தையல் இருக்கும். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் "ஓம் அண்ணை, தைக்கலாம்" என்றேன். அந்த ஓமை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது.

வீட்டில் என் கணவர் வேறு எரிச்சலைக் கூட்டினார். அவர் நகர நடுவில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். கட்டச் சால்வைக் கதையைச் சொன்னதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சாம்பல் வேண்டாமெண்டு சொல்லு. எங்களுக்கும் நல்ல நிறமாக் கேள்," என்றார்.

"ஏன், கோப்பைக்குத் தெரியோணுமோ கழுவிறது ஆரெண்டு?" என்று கத்தினேன். அவர் தொலைக்காட்சியைப் போட்டார்.

துணிக்கு எங்கே போவது? தலைவர் நினைத்தது போல் ஸ்கொட்லாந்தில் நெய்விக்க ஒருவரும் தயாராக இல்லை. தொழிற்சாலையில் மிஞ்சிய சுருள்களைத்தான் வாங்கினோம். டொக்டர்களின் சிவப்பு ஒரு பெண்கள் பாடசாலையின் பாவாடைத் துணி. எஞ்சினியர்களின் நீலம் இன்னொரு பாடசாலையின் பாலர் வகுப்புக்கு உரியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்த முழுக்கதையிலும் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

முப்பத்தொரு சால்வை. ஒருவருக்கு அகலம் வேண்டும், ஒருவருக்கு நீளம் குறைய வேண்டும், ஒருவருக்குக் குஞ்சம் வேண்டாம். ஒரே சிவப்பில் ஒன்பது டொக்டர்கள். எது யாருடையது என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றின் உள்மூலையிலும் வெள்ளை நூலால் சின்னதாக ஒரு குறி போட்டேன். ஒன்றுக்கு இரண்டு கோடும் ஒரு புள்ளியும். இன்னொன்றுக்கு மூன்று புள்ளி. இன்னொன்றுக்கு ஒரு பிறை. யோசித்துச் செய்யவில்லை. கை தன்பாட்டில் செய்தது.

அந்தக் கைக்கு அது எப்படித் தெரியும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். என் ஐயா, என்னைப் பெற்றவர், ஊரில் உடுப்பு வெளுத்தவர். நாற்பது வீட்டு உடுப்பு ஒன்றாக வரும். வீட்டுக்கொரு குறி. சேங்கொட்டைச் சாற்றில் ஈர்க்கைத் தொட்டு மூலையில் போட்டுவிட்டால், எத்தனை தரம் வெளுத்தாலும் போகாது. எழுத்துப் படிக்க முதலே நான் அந்தக் குறிகளைப் படித்தேன். எங்கள் வீட்டு உடுப்புகளுக்கு மட்டும் ஐயா குறி போட்டதில்லை. கலியாண வீடுகளில் பந்தலுக்கு வெள்ளை கட்டுவதும் எங்கள் வேலை. அந்த வெள்ளைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கு இடம் இல்லை. கொல்லைப் பக்கம் போய் நிற்க வேண்டும், மிச்சம் வரும்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் கோயிலில் ஒரு அக்கா, "ஊரிலை எவடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். வவுனியாப் பக்கம் என்று ஒரு பொய் சொன்னேன். அதன்பிறகு யாரும் துருவவில்லை. பதினொரு வருடம் அந்தப் பொய்க்குள் நிம்மதியாக இருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், கணவர் காரில் சால்வைகளைக் கொண்டுபோய் புரோசார்ட்டில் இறக்கினோம். அவர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். தலைவரின் மனைவி வாசலுக்கே வந்து "வாங்கோ, வாங்கோ" என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி, பக்கத்தில் கேக். மாதாவின் போர்வைக்கு இந்த முறை கடல் நீலத்தில் பட்டு வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லி, துணியை எடுத்து வந்து என் மடியில் போட்டார். நான் ஓரத்தை நீவிப் பார்த்தேன். வழுவழுவென்று அருமையான துணி.

தலைவர் தன்னுடைய பச்சைச் சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். திரும்பினார். மறுபடி பார்த்தார். பிறகு தையல் எப்படி என்று பார்க்க மூலையைப் புரட்டினார்.

"இதென்ன தங்கச்சி, வெள்ளை நூலிலை?"

"எது ஆருடையது எண்டு தெரியத்தான், அண்ணை."

அவர் அடுத்ததைப் புரட்டினார். அதற்கடுத்ததைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சின்னக் குரலில் மனைவியிடம் சொன்னார்: "ஊரிலை எங்கடை வேட்டியளிலையும் மூண்டு புள்ளி கிடந்தது. ஞாபகம் இருக்கே?"

மனைவி என்னைப் பார்த்தார். என் ஐயா ஊரில் என்ன செய்தவர் என்று கேட்டது தலைவர்தான். வவுனியா என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் முப்பத்தொரு குறியைத் தைத்துவிட்டு என் ஐயாவை இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"உடுப்பு வெளுத்தவர்," என்றேன்.

"ஓ," என்றார் தலைவர். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. படித்த மனிதர்.

அவருடைய மனைவி எழுந்தார். என் முன்னால் பாதி குடித்த தேத்தண்ணி இருந்தது. "ஆறிப்போச்சு, புதுசா ஊத்தித் தாறன்," என்று அந்தப் பூப்போட்ட கோப்பையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். கோப்பையிலிருந்து ஆவி இன்னும் எழும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது கையில் ஒரு கடதாசிக் கோப்பை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்குவார்களே, பலூன் படம் போட்டது.

கடல் தாண்டி, பனியில் நடந்து, பிரெஞ்சு படித்து, சிற்றிசன் எடுத்து, கடைசியில் இந்தப் பலூன் கோப்பை. அதைத் தொடாமல் எழும்பினேன். பட்டுத் துணியை மடித்து மேசையில் வைத்தேன். சப்பாத்துப் போடும்போது குசினி தெரிந்தது. குப்பைக் கூடையின் மூடி சரியாக மூடவில்லை. உள்ளே பீங்கானில் பூ தெரிந்தது. கழுவினால் போகாது என்று நினைத்தார்கள் போல. கழுவுவதைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்?

அடுத்த வாரம் தலைவரின் மனைவி தொலைபேசி எடுத்தார். அக்காவின் குரலில் சர்க்கரை அப்படியே இருந்தது. வாங்கோ, போங்கோ என்ற மரியாதை மட்டும் காணாமல் போயிருந்தது.

"இந்த வருஷம் மாதாவின்ரை போர்வையை வேறை ஆக்களுக்குக் குடுப்பமெண்டு யோசிச்சனாங்கள். எல்லாருக்கும் சந்தர்ப்பம் கிடைக்கோணும்தானே. மற்றது, உந்தச் சால்வையளிலை இருக்கிற நூலைப் பேந்து வந்து பிரிச்சுவிடு."

"நீங்களே பிரியுங்கோ," என்று வைத்துவிட்டேன். அவர்களே பிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கணவருக்கு அன்றைக்குத்தான் கோப்பைக் கதையை முழுவதும் சொன்னேன். மறுநாள் காலை அவருக்கென்று தைத்து வைத்திருந்த சாம்பல் சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே போய், காரின் கண்ணாடியில் படிந்திருந்த உப்பையும் சேற்றையும் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். விழாவுக்கு நாங்கள் போகவில்லை. டொக்டர்கள் மேடையில் வரிசையாக நின்றபோது, முன்வரிசையில் ஒரு சிறுமி எழும்பி, அது தன் பாடசாலைப் பாவாடை என்று பிரெஞ்சில் கத்தினாளாம். அதைக் கேட்டபோது மட்டும் சிரித்தேன்.

தொழிலுக்கு ஒரு கட்டம் இருந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் என் பக்கத்து இயந்திரத்தில் வேலை செய்த ஹெய்ட்டிப் பெண்ணும் கேட்டாள். மடிப்புப் பிடிப்பவர்களுக்கு ஒன்று இருந்தால் அழகாக இருக்கும் என்றாள். அவளுக்கு அது அழகுதான். பல் டொக்டருக்கும் கழுத்துப்பட்டி அழகுதான். வீட்டுக்குப் போனதும் கழற்றி மாட்டிவிடலாம். எங்கள் ஆட்களுக்குத் துணியால் ஆளை அடையாளம் வைக்கச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். அவர்கள் அதில் கரை கண்டவர்கள்.

ஆகஸ்ட் வந்தது. கடல் நீலப் பட்டை யாரோ வெட்டிப் பாழாக்கிவிட்டார்களாம். பழைய போர்வைகளில் ஒன்றைப் போர்த்தலாம் என்று, திருநாளுக்கு இரண்டு நாள் முன்னர், பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அக்கா அங்கிருந்தே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஆறு போர்வையையும் விரிச்சுப் பாத்திட்டம். நீ குறி போட்டிருந்தால் பிரிச்சுப்போட்டுத்தானே போர்த்தலாம். ஒரு மூலையிலையும் காணேல்லை. எங்கை போட்டனீ?"

"போடேல்லை, அக்கா."

"பொய் சொல்லாதை. எல்லாத்திலையும் போடிற நீ, இதிலை ஏன் போடேல்லை?"

"எங்கடை வீட்டு உடுப்புக்கு ஐயா குறி போடிறேல்லை," என்றேன். "குறி இல்லாட்டி அது எங்கடை."